ஏர் ரைபிளும் திருப்புளியும்: பழுது பார்க்க உட்காருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏர் ரைபிள் வைத்திருப்பவர், பழைய கடிகாரத்தைத் திறந்துவிட்டு மூட முடியாமல் விழிப்பவர், சைக்கிள் கியரோடு மல்லுக்கட்டுபவர் என்று யார் வந்தாலும் பாதிக் கேள்விகள் ஒன்றுதான்: நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் இப்படி? இங்கே பெரும்பகுதி ஸ்பிரிங்கால் இயங்கும் ஏர் ரைபிளைப் பற்றியது; கடைசியில் மற்றவற்றுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. வெடிமருந்துத் துப்பாக்கிகளை நான் தொடவில்லை. அவற்றின் உள்ளுறுப்புகளில் கை வைப்பது அதற்கென்று பயின்றவரின் வேலை. ஏர் ரைபிளுக்கான உரிமமும் ஆற்றல் வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று வரை நாணய அளவு வட்டத்துக்குள் சுட்ட ரைபிள் இன்று தாளெங்கும் இறைக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதைக் கடைசியில் சந்தேகியுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை, கட்டையையும் உலோகப் பகுதியையும் பிணைக்கும் திருகுகள். ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு முறை சுடும்போதும் முன்னும் பின்னுமாக உதறிக்கொள்கிறது. நூறு, இருநூறு குண்டுகளுக்குப் பிறகு அந்த உதறலே திருகைக் கழற்றத் தொடங்கிவிடும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. கட்டையும் உலோகமும் சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் குழலை லேசாக அசைத்துப் பாருங்கள். மயிரிழை அசைவையும் விரல் நுனி சொல்லிவிடும்.

அடுத்து ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தாங்கும் வளையங்கள். அதற்கடுத்து, மடக்கும் குழல் கொண்ட ரைபிளாக இருந்தால் குழலின் கீல் போல்ட். மூடிய நிலையில் குழலைப் பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். 'டிக்' என்று ஒரு சிறு சத்தம் வந்தாலும் அங்கே ஆட்டம் இருக்கிறது. பிறகு குண்டு: புதிய டப்பாவைத் திறந்தீர்களா? அதன் பிறகு நீங்களேதான்.

ஒருமுறை இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவழித்து, ரைபிளை முழுக்கப் பிரித்து, துடைத்து, கிரீஸ் போட்டுப் பூட்டினேன். துல்லியம் திரும்பி வந்தது. பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே கோளாறு. இம்முறை முன்பக்க இடது திருகை அரைச் சுற்று இறுக்கினேன், சரியாகிவிட்டது. முதல் தடவையும் குணமாக்கியது அந்தத் திருகுதான். பூட்டும்போது நான் அறியாமலே அதை இறுக்கியிருக்கிறேன். மற்ற வேலையெல்லாம் வீண்.

அப்படியானால் திருகுகளை நன்றாக இறுக்கிவிட்டால் போதுமா?

'நன்றாக' என்ற சொல்லில்தான் ஆபத்து. ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைக் கொள்ளுங்கள். அளவு காட்டும் திருப்புளி இல்லாதவர்கள் எல் வடிவச் சாவியின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். முழுக் கையால் நீளப் பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும்.

கட்டைத் திருகு அடிக்கடி தளர்கிறது என்றால் மரையில் ஒரு துளி பூட்டுப்பசை இடலாம். நீல நிறமுள்ளது கைக்கருவியால் கழலும். சிவப்பு நிறமுள்ளது சூடுபடுத்தாமல் கழலாது. அது இந்த வேலைக்கு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் இட்டால் எந்த நிறமும் ஒட்டாது.

மூன்று குண்டு சுட்டால் ஒரே துளை மாதிரி விழுகிறது. பத்து சுட்டால் விரிந்துவிடுகிறது. சூடாகிக் குழல் வளைகிறதா?

ஏர் ரைபிள் குழல் அப்படிச் சூடாகாது. இது கணக்கு செய்யும் வேலை. குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றித் தற்செயலாகச் சிதறும்போது, எவ்வளவு அதிகம் சுடுகிறோமோ அவ்வளவு ஓரத்துக்கு ஒன்றாவது போகும். அதே ரைபிள், அதே கை. மூன்று குண்டுக் கூட்டத்தைவிடப் பத்துக் குண்டுக் கூட்டம் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக விரியும். உங்கள் ரைபிளின் உண்மை அளவு அந்தப் பத்துதான். மூன்று குண்டுத் தாளைச் சட்டம் போட்டு மாட்டுபவர்கள் மாட்டட்டும். எதையாவது மாற்றிவிட்டு, 'சரியாகிவிட்டதா' என்று முடிவு செய்ய அது உதவாது. மாற்றத்துக்கு முன் பத்து, பின் பத்து, முடிந்தால் மறுநாள் இன்னொரு பத்து.

இறுக்கிப் பிடித்தால் மோசமாகச் சுடுகிறது, தளர்த்திப் பிடித்தால் நன்றாகச் சுடுகிறது. இது தலைகீழாக இல்லையா?

ஸ்பிரிங் ரைபிளுக்கு அதுதான் நேர். டிரிக்கரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதன் எதிர்வினையாக ரைபிள் பின்னால் வருகிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் முடிவை நெருங்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறி, குண்டு நகரத் தொடங்குகிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கையில் ரைபிள் முன்னால் தள்ளப்படுகிறது. ஆகக் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் நகரத் தொடங்கிவிட்டது. அந்த நகர்வை நீங்கள் நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகரவிடலாம்.

இடது உள்ளங்கையைத் திறந்தபடி வைத்து அதன்மேல் ரைபிளை உட்கார வையுங்கள். விரல்கள் மூட வேண்டாம். தோளில் தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். பீரங்கி தன் வண்டியில் தானாகப் பின்னோக்கி ஓடி நிற்பதுபோல ரைபிள் ஓடட்டும். உள்ளங்கையை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு சென்டிமீட்டர் முன்னே வைத்தால் குண்டு விழும் இடம் மாறுவதை நீங்களே பார்க்கலாம். கட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும். கெட்டியான மேசைமேல் நேராக வைத்துச் சுடுவது மிக மோசமான பிடி.

காற்றை முன்பே அடைத்து வைக்கும் ரைபிளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. உள்ளே அவ்வளவு கனமான எதுவும் ஓடவில்லை.

எந்தக் குண்டு நல்லது?

உங்கள் குழலைக் கேளுங்கள். ஒரே மாதிரித் தயாரான இரண்டு ரைபிள்கள்கூட வெவ்வேறு குண்டை விரும்பும். 4.5 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் தலையின் அளவு 4.49, 4.50, 4.51, 4.52 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கப்படுகிறது; அந்த நூறில் ஒன்றுக்குக் குழல் முகம் சுளிப்பதுண்டு. நாலைந்து வகையை வாங்கி, ஒவ்வொன்றிலும் முதலில் பத்திருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பிறகு பத்துக் குண்டுத் தாள் எடுங்கள். 10 மீட்டர் தாள் இலக்குக்குத் தட்டைத் தலைக் குண்டு துளையைச் சுத்தமாக வெட்டும். தொலைவு கூடினால் உருண்டைத் தலை.

விரலால் உள்ளே தள்ளும்போது ஒரு குண்டு எளிதாக வழுக்கிப் போய், அடுத்தது பிடிவாதம் பிடித்தால் அந்த டப்பாவில் அளவு சீராக இல்லை என்று பொருள். அடிப்பாகத்தின் பாவாடை நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வேகம் அளக்கும் கருவி வாங்கினேன். குண்டுக்குக் குண்டு வேகம் மாறுகிறது. இதுதான் சிதறலுக்குக் காரணமா?

10 மீட்டரில் பெரும்பாலும் இல்லை. நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் சுமார் 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 165 ஆகக் குறைந்தால் சுமார் 18. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர், அதுவும் மேலும் கீழுமாக மட்டும். உங்கள் துளைகள் இடமும் வலமுமாகச் சிதறினால் வேகத்தின்மேல் பழி போடாதீர்கள். ஆனால் கருவி வேறு விதத்தில் பயன்படும். மாதக்கணக்கில் ஒரே குண்டின் வேகத்தை எழுதி வந்தால், சீலோ (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) ஸ்பிரிங்கோ தளர்வதைத் தாள் காட்டும் முன் எண் காட்டிவிடும்.

ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் குண்டு நகரவே மாட்டேன் என்கிறது.

எத்தனை சொடுக்கு திருகினீர்கள்? பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு சொடுக்கு கால் நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது இங்கே டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). 100 மீட்டரில் அது சுமார் 7 மில்லிமீட்டர். 10 மீட்டரில் 0.7 மட்டுமே. 10 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் நகர்த்த 27, 28 சொடுக்குகள் வேண்டும். நாலு சொடுக்கு திருகிவிட்டு ஸ்கோப் கெட்டுவிட்டதாகச் சொல்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கண் விலகல் பிழை. ரைபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, இலக்கைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் லேசாக ஆட்டுங்கள். குறுக்கு இழை இலக்கின்மேல் ஊர்ந்தால், அந்தத் தொலைவுக்கு ஸ்கோப் சரிசெய்யப்படவில்லை. பல ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கென்று அமைக்கப்பட்டு வருகின்றன. 10 மீட்டரில் கன்னம் சற்று இடம் மாறினாலும் குண்டு இடம் மாறும். தொலைவைத் திருத்தும் வளையமுள்ள ஸ்கோப் இதற்கு மருந்து. இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் கன்னத்தை ஒரே இடத்தில் வைக்கப் பழக வேண்டும்.

பெரிய துப்பாக்கிக்கென்று செய்த விலையுயர்ந்த ஸ்கோப், என் ஏர் ரைபிளில் ஒரு மாதத்தில் உடைந்தது. எப்படி?

பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். அந்த ஸ்கோப்பின் உள் வில்லைகளும் அந்த ஒரு திசைக்கே முட்டுக் கொடுக்கப்பட்டவை. ஸ்பிரிங் ரைபிள் பின்னால் உதைத்த கையோடு முன்னாலும் உதைக்கிறது. அந்த இரண்டாவது உதையில் உள்ளே ஏதோ ஒன்று இடம் பெயர்கிறது. ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் ஸ்கோப்பையே வாங்குங்கள். இதே உதறலில் ஸ்கோப் முழுவதுமே பின்னோக்கி ஊரும். வளையத்துக்குப் பின்னால் தடுப்பு முள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுடும்போது பலத்த வெடிச் சத்தம், குழல் வாயில் புகை, எண்ணெய் எரிந்த வாடை. ஆற்றல் கூடிவிட்டதா?

அப்படி நினைத்து மகிழ வேண்டாம். பிஸ்டன் அழுத்தும் காற்று அந்தக் கணத்தில் பல நூறு டிகிரி சூடாகிறது. அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் நடக்கும். புதிய ரைபிளில் ஆலைக் கிரீஸ் எரிந்து முதல் சில குண்டுகளுக்கு இலேசான புகை வருவது வழக்கம், தானாக அடங்கும். ஒவ்வொரு குண்டுக்கும் வெடி வெடித்தால் சீல் கருகும், ஸ்பிரிங் முறியும்.

காரணம் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு விட்ட எண்ணெய்தான். நானே தையல் இயந்திர எண்ணெயை இரண்டு சொட்டு காற்றுத் துளைக்குள் விட்டு, அடுத்த குண்டில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சத்தம் எழுப்பியவன். அழுத்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் எதுவும் போகக் கூடாது. சீல் வறண்டு கிறீச்சிட்டால் மட்டும், அதற்கென்று உள்ள சிலிக்கோன் எண்ணெயில் ஒரு சொட்டு. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டனின் பக்கங்களுக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸ், விரல் நுனியால் மெழுகிய அளவு.

காற்று எங்கேயோ கசிகிறது என்று நினைக்கிறேன். பிரிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

மடக்கும் குழலில் மெல்லிய காகிதக் கைக்குட்டையில் ஒரு கீற்றுக் கிழித்து, குழலும் உடலும் சேரும் பிளவின்மேல் போடுங்கள். குண்டு போட்டு, பாதுகாப்பான இலக்கை நோக்கிச் சுடுங்கள். கீற்று துள்ளினால் அங்குள்ள சிறு சீல் கசிகிறது. அதை ஊசி முனையால் நெம்பி எடுத்துப் புதிது போடுவது ஐந்து நிமிட வேலை. கீற்று அசையாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால் சந்தேகம் பிஸ்டன் சீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் போகிறது. குண்டு போடாமல் வெறுமே சுட்டுப் பார்ப்பதை வழக்கமாக்காதீர்கள். தடுக்க எதுவும் இல்லாததால் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதுகிறது.

நானே பிரித்து ஸ்பிரிங் மாற்றலாமா?

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சட்டகம் இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் கூடாது. சுடாத நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே பல சென்டிமீட்டர் அழுந்தியே உட்கார்ந்திருக்கிறது. கடைசி முள்ளைத் தட்டி எடுத்ததும் பின்மூடி முகத்தை நோக்கிப் பாயும். நெஞ்சில் அண்டக் கொடுத்துக்கொண்டு பிரித்ததாகச் சிலர் வீரம் பேசுவார்கள், கேட்டுவிட்டு நகருங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு உருளை உள்ள ரைபிளில் அந்த உருளையைத் திறக்கவே கூடாது.

எதுவும் கெடாத ரைபிளை 'இன்னும் மெருகேற்ற' பிரிப்பது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வதுதான். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், புதிய ஸ்பிரிங்கின் முனைகளை மெருகேற்றுங்கள், சீல் உரசும் துளை விளிம்புகளில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் சீலும் கிழியும்.

டிரிக்கர் கனமாக இருக்கிறது. உள்ளே அரம் போடலாமா?

போடாதீர்கள். வெளியிலிருந்து திருகும் ஏற்பாடு இருந்தால் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். தயாரிப்பாளர் சொன்ன எல்லையோடு நிறுத்துங்கள். உள்ளே ஒன்றையொன்று கவ்வி நிற்கும் இரண்டு விளிம்புகளில்தான் ஸ்பிரிங்கின் முழுப் பலமும் தொங்குகிறது. அந்தக் கவ்வலில் மயிரிழை குறைந்தால், மடக்கிய குழலுக்குள் குண்டு வைக்கும்போது அது தானாக விடுபட்டுக் குழல் சாட்டைபோல் மூடிக்கொள்ளும். விரல் நடுவில் இருக்கும். டிரிக்கர் நன்றாக இருந்தாலும் குண்டு வைக்கும் வரை மறு கை குழலை விடக் கூடாது.

குழலை எத்தனை குண்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

துல்லியம் குறையும்போது. துணித் துண்டை இழுக்கும் நைலான் கயிறு போதும், பின்புறமிருந்து முன்புறமாக. பித்தளைத் தூரிகையும் உலோகக் கம்பியும் வேண்டாம். துடைத்த பிறகு முதல் பத்து, இருபது குண்டுகள் அலையும். பதற வேண்டாம்.

காற்று அடைத்து வைக்கும் ரைபிள் ஒரே இரவில் காலியாகிவிடுகிறது.

உள்ளே 200 பார், சிலவற்றில் அதற்கும் மேல் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்ப்பதோடு நிறுத்துங்கள். காற்றை முழுக்க வெளியேற்றாமல் ஒரு திருகையும் தொடக் கூடாது. பெரும்பாலும் குற்றவாளி ஒரு ரப்பர் வளையம்தான். அடைப்பது காற்று மட்டுமே. ஆக்சிஜன் உருளையிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள், உள்ளே எண்ணெய்ப் பூச்சு இருந்தால் அது வெடிக்கும்.

திருகின் தலை வழுவழுப்பாகிவிட்டது. எந்த இயந்திரமானாலும் எனக்கு இதுதான் நடக்கிறது.

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. குற்றம் திருப்புளியில். சாதாரணத் தட்டைத் திருப்புளியின் முனை ஆப்புபோல் சரிந்திருக்கும். முறுக்க முறுக்கக் காடியை விட்டு மேலேறும். துப்பாக்கி வேலைக்கென்று விற்கும் முனைகளின் பக்கங்கள் இணையாக இருக்கும். காடியின் அகலத்தையும் ஆழத்தையும் முழுக்க நிரப்பும். கூட்டல் குறித் தலையிலும் இரண்டு சாதி உண்டு. பழைய ஜப்பானியக் கேமரா, மோட்டார் சைக்கிள் திருகுகள் பார்வைக்கு வழக்கமான பிலிப்ஸ் வகை மாதிரியே இருந்தாலும் ஜப்பானியத் தரத்தில் செய்தவை. பிலிப்ஸ் முனை அதில் முழுக்க இறங்காமல் தலையைத் தின்றுவிடும்.

துருப்பிடித்து இறுகியதற்கு: ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். திருகின் தலையில் சுத்தியால் சில தட்டு. சாலிடரிங் இரும்பின் முனையைத் தலையில் வைத்துச் சூடேற்றுங்கள் (காற்று அடைத்த எதற்கும் இது ஆகாது). முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை, பிறகு கழற்றும் திசையில். உள் மரை போய்விட்டதென்றால் கம்பிச் சுருள் மரை வைத்துப் புதிதாக்கலாம்.

சுவர்க்கடிகாரம் சுத்தம் செய்த பிறகு பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது.

கண்ணை மூடிக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி சமமா? நொண்டி நடைபோல் ஒலித்தால், பெட்டியின் அடிப்பாகத்தை இடமோ வலமோ சற்றுத் தள்ளிச் சீராக்குங்கள். பெட்டி நேராகத் தொங்குகிறதா என்று கண் சொல்வதைவிட ஒலி சொல்வதே சரி. எண்ணெய் அச்சு முனைகளுக்கு மட்டும். பல்சக்கரத்தின் பற்களுக்கு வேண்டாம், தூசியைச் சேர்த்து உராய்பொருளாகிவிடும்.

நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்கினால் ஊசல் குண்டை உயர்த்த வேண்டும். ஊசல் 25 சென்டிமீட்டர் நீளமென்றால் உயர்த்த வேண்டியது ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர். நட்டை ஒரே மூச்சில் மூன்று சுற்று திருகுபவர்களுக்குக் கடிகாரம் ஏன் வசப்படுவதில்லை என்பது புரியும்.

சைக்கிளில் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுக்கும் கியர்?

கேபிள் தளர்ந்திருக்கிறது. கியர் மாற்றியில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள். இறங்க மறுத்தால் எதிர்ப்பக்கம். நாலைந்து கால் சுற்றுகளுக்கும் மசியவில்லை என்றால், வண்டி ஒரு பக்கம் விழுந்திருக்கும். மாற்றியைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பின்னால் குனிந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன், ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது.

சுடாதீர்கள், ஓட்டாதீர்கள், சாவி கொடுக்காதீர்கள். திரும்பப் பிரியுங்கள். அடுத்த முறை ஒவ்வொரு உறுப்பையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்து, கழற்றிய வரிசையிலேயே குழித்தட்டில் இடமிருந்து வலமாகப் போட்டு வாருங்கள். மேசையில் ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் இருக்கட்டும். எனக்கு மிஞ்சிய வாஷருக்காக ஒரு ரைபிளை இரண்டு முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை பிரிக்க உட்கார்ந்தபோதுதான், முந்தின வாரம் அதே மேசையில் திறந்த கடிகாரத்தின் முள் ஆடிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.